லாரி ஓட்டுநரின் வேலை நேரம், ஓய்வு: விதியை நீங்களே எழுதினால் என்ன எழுதுவீர்கள்?

தண்டையார்பேட்டை மாணவி எழுதியது:

வணக்கம். சட்டம் படிக்கிறேன். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961 பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது. காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நெடுந்தூர வழித்தடங்களில் அனுமதி பெற்றால் நாளுக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேர இடைவேளை வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டம் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனால் எட்டு மணி நேரம் என்ற எண் அப்படியே நிற்கிறது.

எங்கள் வீடு எண்ணூர் விரைவுச் சாலைக்குப் பக்கத்தில். இரவு படுக்கப் போகும்போது பார்த்த டிரெய்லர் காலையில் நான் கல்லூரிக்குக் கிளம்பும்போதும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. உள்ளே இருப்பவருக்கு எந்த எட்டு மணி நேரம் பொருந்தும்?

பேராசிரியரிடம் கேட்டால் அமெரிக்காவைப் பார் என்கிறார். அங்கே 10 மணி நேரம் ஓய்வெடுத்தவர் அடுத்த 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம், வண்டியில் உள்ள மின்னணுக் கருவி அதைப் பதிவு செய்யும். எனக்கு ஓட்டுகிறவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். விதியை எழுதும் வேலையை உங்களிடமே கொடுத்தால் எங்கிருந்து தொடங்குவீர்கள்?

மணலி டிரெய்லர்காரன் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நீங்கள் பார்க்கும் அந்த வரிசையில் நிற்பவர்களில் நானும் ஒருவன். முன்பு மும்பை, நாக்பூர் என்று நெடுந்தூரம் ஓட்டினேன். மகள் பிறந்த பிறகு கன்டெய்னர் ஓட்டத்துக்கு வந்தேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை, தினமும் இரவு வந்துவிடுவேன் என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

எட்டைப் பத்தாக்குவதிலோ பத்தை எட்டாக்குவதிலோ எனக்கு அக்கறை இல்லை. எதை எண்ணுகிறார்கள் என்பதில்தான் என் சண்டை. 1961 சட்டத்தில் வேலை நேரம் என்றால் என்ன என்று ஒரு வரையறை இருக்கிறது, நீங்கள் படித்திருப்பீர்கள். வண்டி ஓடும்போது செய்யும் வேலை அதில் உண்டு. அதைச் சார்ந்த சில்லறை வேலைகளும் உண்டு. முனையத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரமோ, பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் மட்டும் உள்ளே வருகிறது. பஸ் நிலையத்தில் ஓட்டுநர் தேநீர் குடித்துவிட்டு மறுபடி ஏறும் நேரத்தை மனத்தில் வைத்து எழுதியிருப்பார்கள் போலிருக்கிறது. எங்கள் கூட்டம் ஒன்றில் ஒரு வழக்கறிஞர் இந்த வரியைப் படித்துக் காட்டினார். பின் வரிசையில் எழுந்த சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது.

ஒரு பெட்டி கப்பலுக்குப் போகும் கதையைச் சொல்கிறேன். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை வாசலில் காலையில் வண்டியைப் போடுகிறேன். உள்ளே கூப்பிட மதியம் ஆகிறது. சரக்கு ஏற்றி, சீல் வைத்து, காகிதம் கைக்கு வரும்போது பொழுது சாய்ந்துவிடும். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலை 62 கிலோமீட்டர், அதில் ஒரு சிரமமும் கிடையாது. பிறகு வரிசை. எந்தத் துறைமுகம் என்று கேட்காதீர்கள், வட சென்னைப் பக்கம் மூன்று இருக்கின்றன. பெட்டியைத் துறைமுகத்துக்குள் விடுவதற்கான ஃபார்ம் 13 என்ற அனுமதிச் சீட்டு இன்னும் வரவில்லை என்றால் ஓரம் கட்டச் சொல்வார்கள். அது வந்து சேரும்போது நம் இடம் போயிருக்கும். கணக்குப் பார்த்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்து உண்மையாக ஓட்டியது மூன்று, நான்கு மணி நேரம். சாவி வாங்கியதிலிருந்து சாவி கொடுத்தது வரை பார்த்தால் ஒரு பகலும் ஓர் இரவும் போயிருக்கும். ஓட்டும் நேரத்துக்கு மட்டும் வரம்பு வைத்தால் சட்டத்தின் கண்ணில் நான் அரை நாள் வேலைக்காரன்.

நிற்பதும் ஓய்வுதானே என்று கேட்பவர்களை ஓர் இரவு என் பக்கத்து இருக்கையில் உட்கார வைக்க ஆசை. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை வரிசை ஒரு வண்டி நீளம் நகரும். நீங்கள் நகரவில்லை என்றால் இடையில் இன்னொருவர் மூக்கை நுழைப்பார். பின்னால் நிற்பவர் இறங்கி வந்து கதவை அடிப்பார். கண்ணை மூடினால் கிளட்ச் நினைவுக்கு வரும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஏசி கேபின் கட்டாயமாக்கியிருக்கிறார்கள், நல்ல காரியம். என் வண்டி அதற்கு மிகவும் மூத்தது. மே மாதத்தில் கதவைத் திறந்து வைத்தால் கொசு, மூடினால் புழுக்கம். சிறுநீர் கழிக்க எங்கே போவது என்பதை இங்கே எழுத விரும்பவில்லை. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் போடும் உயர்மட்டச் சாலை வந்துவிட்டால் நிலைமை மாறும் என்கிறார்கள். 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள், 2022-இல் மறுபடியும் நாட்டினார்கள். கல்லுக்குக் குறை வைக்கவில்லை.

எனவே நான் எழுதும் விதி சாவியிலிருந்து தொடங்கும். சாவி என் கைக்கு வந்ததிலிருந்து திருப்பிக் கொடுக்கும் வரை வேலை நேரம். நடுவில் வண்டியை வேறொருவர் பொறுப்பில் விட்டுவிட்டு, கூப்பிடமாட்டார்கள் என்ற உறுதியோடு நான் படுக்க முடிந்தால் அந்த நேரத்தை மட்டும் கழித்துக்கொள்ளட்டும்.

இதை எப்படி நிரூபிப்பாய் என்று கேட்பார்கள். புதிய கருவி எதுவும் தேவையில்லை. சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக் நேரத்தைப் பதிகிறது. முதலாளியின் கைப்பேசியில் ஜிபிஎஸ் ஓடுகிறது. எடை மேடைச் சீட்டில் மணி இருக்கிறது. தொழிற்சாலைக் காவலாளி நோட்டில் நான் கையெழுத்துப் போடுகிறேன், துறைமுக வாசலில் கேமரா என் முகத்தைப் பார்க்கிறது. என்னுடைய நாள் துண்டு துண்டாக எல்லோரிடமும் இருக்கிறது. அதைக் கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. பயணம் முடிந்ததும் அந்த நேரங்களை ஒரே சீட்டாக ஓட்டுநர் கையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

காத்திருக்க வைத்தவர் பணம் கட்ட வேண்டும். காலிப் பெட்டியைக் கப்பல் நிறுவனத்துக்குத் திருப்பித் தரத் தாமதமானால் நாள் கணக்கில் டிடென்ஷன் கட்டணம் ஏறுகிறது, அதற்குப் பயந்து எல்லோரும் ஓடுகிறார்கள். இரும்புப் பெட்டியின் நேரத்துக்கு விலை இருக்கிறது, அதை இழுத்து வருபவன் நேரத்துக்கு இல்லை. வாசலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினால் மணிக்கு இவ்வளவு ஹால்டிங், அதாவது காத்திருப்புக் கட்டணம், அதில் ஓட்டுநருக்கு ஒரு பங்கு என்று வரட்டும். உள்ளே ஒரே ஒரு ஃபோர்க்லிஃப்டை வைத்துக்கொண்டு ஆறு வண்டிகளை வரச் சொல்லும் வழக்கம் அதற்குப் பிறகு எத்தனை நாள் நீடிக்கிறது என்று பார்க்கலாம்.

சம்பளத்தையும் சொல்லியாக வேண்டும். டிரிப்புக்கு இவ்வளவு படி என்ற முறையைத் தொடாமல் எட்டு மணி நேரத்தோடு நிறுத்து என்று சட்டம் போட்டால் அதை முதலில் ஏமாற்றுபவன் நானாகத்தான் இருப்பேன். படிக்காரனுக்கு ஓய்வு என்பது சொந்தக் காசில் எடுக்கும் விடுப்பு. மாதச் சம்பளம் அடித்தளமாக இருக்க வேண்டும், படி அதற்கு மேலே வரட்டும்.

தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் நிதானத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் நாட்டில் மதுவுக்கு வரம்பு 0.03. என்னை ஊதச் சொல்லும் போலீஸ்காரர் ஒருவர்கூடக் கடைசியாக எப்போது தூங்கினாய் என்று கேட்டது கிடையாது.

சங்ககிரி நெடுஞ்சாலை எழுதியது:

அண்ணன் சொன்னது துறைமுக ஓட்டத்துக்குப் பொருந்தும். எங்கள் கதை வேறு. நான் சென்னையில் ஏற்றி விஜயவாடா, நாக்பூர் வழியாக டெல்லி போகிறவன்.

தேசிய பெர்மிட் வண்டியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும், ஒருவர் காலை நீட்டிப் படுக்கப் பின்னால் இருக்கை இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியில் இருந்தது. 2018-இல் இரண்டாவது ஓட்டுநர் கட்டாயமில்லை என்று தளர்த்திவிட்டார்கள். கிளீனர் வேலைக்கு ஆள் வருவது அதற்கு முன்பே குறைந்துவிட்டது. இப்போது என் கேபினில் படுக்கை இருக்கிறது, அதில் அரிசி மூட்டையும் ஸ்டவ்வும் படுத்திருக்கின்றன. நான் எழுதினால் இந்தத் தளர்வைத்தான் முதலில் அடிப்பேன். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகும் வண்டிக்கு இரண்டு பேர், இல்லையென்றால் பயண நாளைக் கூட்டிக் கொடு.

ஒரு வேண்டுகோள். இரவில் ஓட்டக் கூடாது என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். கோடையில் நெல்லூர், ஓங்கோல் பக்கம் மதியம் பாரத்தோடு போனால் டயர் வெடிக்கும். நாங்கள் மதியம் மரத்தடியில் படுத்துவிட்டு வெயில் தாழ்ந்த பிறகு எடுப்போம். ஆபத்து இரவு முழுவதும் இல்லை. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைதான் உடம்பு நம் பேச்சைக் கேட்காது, எவ்வளவு தேநீர் குடித்தாலும் கேட்காது. அந்த நேரத்தில் வண்டி நிற்கட்டும். தொடர்ச்சியாக ஒன்பது மணி நேர ஓய்வு என்று இருப்பதை ஆறும் மூன்றுமாகப் பிரித்துக்கொள்ள விடுங்கள், மதியத் தூக்கமும் கணக்கில் வந்துவிடும்.

அப்புறம் எங்கே நிறுத்துவது? சாலையோரம் நிறுத்தினால் அபராதம். தாபாவில் நிறுத்தினால் சாப்பிட்டாக வேண்டும். அசந்து தூங்கினால் டீசல் போகும், பேட்டரி போகும், தார்ப்பாய் கிழியும். எண்ணெய் நிறுவனங்கள் சில பெட்ரோல் நிலையங்களில் ‘அப்னா கர்’ என்ற பெயரில் படுக்கை, குளியலறை, சமைக்க இடம் எல்லாம் வைத்திருக்கின்றன, அவை உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. ஆனால் எனக்குக் கண் சொருகும் இடத்தில் அது இருப்பதில்லை.

வியாசர்பாடி டு வில்னியஸ் எழுதியது:

நான் இப்போது ஒரு லிதுவேனிய நிறுவனத்தின் லாரியை ஜெர்மனி, பிரான்சு என்று ஓட்டுகிறேன். ஐரோப்பாவைப் பார்த்துப் பொறாமைப்படுபவர்களுக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன்.

நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை. நாளுக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. இரண்டு வாரத்துக்குச் சேர்த்து 90-ஐத் தாண்டக் கூடாது. தினசரி ஓய்வு 11 மணி நேரம், சில நாள்களில் 9 ஆகக் குறைக்கலாம். ஓட்டும் நேரத்தைப் பதியும் டேக்கோகிராஃப் கருவியில் என் அட்டையைச் செருகினால்தான் கணக்கு ஓடும். 45 மணி நேர வார ஓய்வை கேபினில் எடுக்கக் கூடாது, நிறுவனம் தங்க இடம் தர வேண்டும். மணலி அண்ணன் கேட்கும் சம்பள விஷயமும் இங்கே விதியிலேயே இருக்கிறது: பாதுகாப்பைக் கெடுக்கும் வகையில் தூரத்துக்கோ சரக்கின் அளவுக்கோ ஏற்பச் சம்பளம் தரக் கூடாது. ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறை எண் 561, ஆண்டு 2006, பத்தாவது பிரிவு. தங்கை அதைப் படித்துப் பார்க்கட்டும்.

ஆனால் காத்திருப்பு இங்கேயும் தீரவில்லை அண்ணா. கருவியில் ஓட்டம், வேறு வேலை, தயார்நிலை, ஓய்வு என்று நான்கு குறிகள் இருக்கின்றன. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அது தயார்நிலை, வேலை நேரத்தில் சேராது. கிடங்கு வாசலில் சரக்கு இறக்கும்போதே ஓய்வுக் குறிக்கு மாற்றிவிடு என்று தொலைபேசியில் சொல்லும் மேலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். இயந்திரம் சக்கரம் சுற்றுவதை மட்டும்தான் தானாக அறியும். மற்றதை மனிதன்தான் சொல்ல வேண்டும், அந்த மனிதனுக்கு மேலே ஒரு மனிதன் இருக்கிறான்.

இன்னொன்று. மாலை ஆனால் ஜெர்மன் நெடுஞ்சாலை ஓய்விடங்களில் இடம் கிடைக்காது. நேரம் முடிய அரை மணி இருக்கும்போது இடம் தேடி அலைவதில் வரும் பதற்றம் தூக்கக் கலக்கத்தைவிடக் குறைந்தது அல்ல. நிறுத்தும் இடத்தைக் கட்டாமல் கடிகாரத்தை மட்டும் சென்னைக்குக் கொண்டுவராதீர்கள்.

மாதவரம் சின்ன முதலாளி எழுதியது:

எல்லோரும் முதலாளியை வில்லனாக்குவதற்குள் நானும் வந்துவிடுகிறேன். நானும் ஓட்டுநராக இருந்து வண்டி வாங்கியவன். டிரெய்லர் இரண்டு, இரண்டுக்கும் தவணை போகிறது.

1961 சட்டம் ஐந்து தொழிலாளர் இருந்தால்தான் பொருந்தியது. என்னைத் தொட்டதே இல்லை. என்னைப் போல ஓரிரு வண்டி வைத்திருப்பவர்கள்தான் இந்தத் தொழிலில் மலிந்திருக்கிறார்கள். ஆக எட்டு மணி நேரம் யாருக்கு என்ற தங்கையின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது.

ஹால்டிங் கேட்காமல் இல்லை. பில் போட்டு அனுப்பினேன், கிடப்பில் கிடந்தது. வற்புறுத்தினேன். பணமும் வரவில்லை, அடுத்த மாதம் லோடும் பாதியாகிவிட்டது. ஒப்பந்தத்திலேயே காத்திருப்புக்குக் கட்டணம் இல்லை என்று அச்சடித்து வைத்திருக்கிறார்கள், கையெழுத்துப் போட மறுத்தால் பின்னால் இருபது பேர் நிற்கிறார்கள். நான் கேட்டால் எனக்கு மட்டும் அடி விழும். சட்டமே கட்டாயமாக்கினால் எல்லோருக்கும் ஒரே விலை, யாரும் யாரையும் பழிவாங்க முடியாது. ஆகவே மணலிக்காரர் சொன்ன ஹால்டிங் விதிக்கு என் ஓட்டு உண்டு. மாதச் சம்பள விதிக்கு இல்லை. லோடு இல்லாத மாதத்தில் நான் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பேன்?

தண்டையார்பேட்டை மாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாதவரம் ஐயா சொன்ன ஐந்து பேர் வரம்பு இப்போது இன்னும் மேலே போயிருக்கிறது. புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பில் மோட்டார் போக்குவரத்து நிறுவனம் என்றால் பத்து தொழிலாளர். இன்னும் அதிகம் பேர் வெளியே விழுகிறார்கள். கட்டுரையின் முதல் பக்கத்திலேயே இதை வைக்கப் போகிறேன்.

சரக்குக்காரர் தலையிலும் பொறுப்பைக் கட்டுவதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு வழி இருக்கிறது. அங்குள்ள கனரக வாகனச் சட்டத்தில் ஓட்டுநர் களைப்போடு ஓட்டினால் சரக்கை அனுப்பியவர், ஏற்றியவர், நேர அட்டவணை போட்டவர் என்று சங்கிலி முழுவதும் பொறுப்பு. வண்டிக்காரரிடம் எத்தனை தொழிலாளர் என்று பார்ப்பதைவிட, சரக்கு யாருடையது என்று பார்ப்பது நம் ஊருக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது.

ஹால்டிங்கில் ஓட்டுநருக்கு எவ்வளவு பங்கு என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லையே?

மணலி டிரெய்லர்காரன் எழுதியது:

பாதி.

மாதவரம் சின்ன முதலாளி எழுதியது:

பாதி எப்படிக் கட்டும்? வண்டி நின்றாலும் தவணை நிற்காது, காப்பீடு நிற்காது. மூன்றில் ஒன்று தருகிறேன்.

மணலி டிரெய்லர்காரன் எழுதியது:

தவணையும் காப்பீடும் வண்டி ஓடினாலும் உண்டு, நின்றாலும் உண்டு அண்ணா. நிற்கும்போது கூடுதலாகப் போவது என் தூக்கம் மட்டும்தான். மாதச் சம்பளத்துக்கு ஒப்புக்கொள்ளுங்கள், மூன்றில் ஒன்றுக்கு நானும் வருகிறேன். படிதான் என்றால் பாதி.

மாதவரம் சின்ன முதலாளி எழுதியது:

இரவு பத்து மணிக்கு மேல் நின்றால் பாதி. பகலில் மூன்றில் ஒன்று. இதற்கு மேல் இறங்க மாட்டேன்.

சங்ககிரி நெடுஞ்சாலை எழுதியது:

பகல் வெயிலுக்குத்தான் கூடுதலாகத் தர வேண்டும். இருவரும் தலைகீழாகப் பேசுகிறீர்கள்.

தண்டையார்பேட்டை மாணவி எழுதியது:

இரண்டு கணக்கையும் கட்டுரையில் எழுதிவிடுகிறேன். மணலி அண்ணா, ஒரே பயணத்தின் எடைச் சீட்டு, ஃபாஸ்டேக் பதிவு, வாசல் சீட்டு மூன்றும் சேர்ந்து கிடைத்தால் மாதிரியாக இணைக்கலாம். வண்டி எண்ணை மறைத்துவிடுவேன்.

மணலி டிரெய்லர்காரன் எழுதியது:

எடைச் சீட்டும் வாசல் சீட்டும் என்னிடம் இருக்கின்றன. ஃபாஸ்டேக் பதிவு முதலாளியின் வங்கிக் குறுஞ்செய்தியில் இருக்கும், கேட்டு வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். நாளை மறுபடி ஒரகடம்.